மக்களும் மக்கள்தொகையும்

(கட்சிக் கல்வி வகுப்பொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2025 ஜூன் 16 அன்று ஒன்றிய அரசு வெளியிட்ட அறிவிக்கை, அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 ஆம் நாளைக் குறிப்புநாளாக நிர்ணயித்தது. பனி சூழ்ந்த பகுதிகளுக்கு அது 2026 அக்டோபர் 1. 1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை நடந்துவந்த பணி இது. 1941 இல் உலகப் போரின் நடுவிலும், சுருங்கிய வடிவிலேனும், அது நடத்தப்பட்டது. 2021 இல்தான் முதன்முறையாக அந்த வரிசை அறுந்தது. இப்போது மீண்டும் ‘மக்கள்தொகை’ என்ற சொல் அரசாணைகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் தேர்தல் மேடைகளிலும் இடைவிடாமல் ஒலிக்கிறது. ஒரே சொல்லைக் கொண்டு ஒருவர் அரிசி கேட்கிறார். இன்னொருவர் நாடாளுமன்ற இடங்களைக் கேட்கிறார். வேறொருவர் அண்டை வீட்டுக்காரரின் குடியுரிமையையே கேள்விக்கு உள்ளாக்குகிறார். ஆகவே இச்சொல்லின் பொருளையும், யார் எதற்காக அதைக் கையாள்கின்றனர் என்பதையும் தெளிவுபடுத்திக்கொள்வது ஒவ்வொரு கட்சி உறுப்பினருக்கும் அவசியமாகிறது.

திணை மாறும் சொல்

முதலில் சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘மக்கள்’ என்பது உயர்திணை. மக்கள் வந்தனர், மக்கள் எழுந்தனர், மக்கள் வென்றனர் என்கிறோம். அதனுடன் ‘தொகை’ சேர்ந்ததும் திணையே மாறிவிடுகிறது. மக்கள்தொகை பெருகியது, மக்கள்தொகை குறைந்தது என அஃறிணை முடிபு கொள்கிறது. மக்கள் போராடுவார்கள்; மக்கள்தொகை ஒருநாளும் போராடுவதில்லை. அது பெருகும், வெடிக்கும், கட்டுப்படுத்தப்படும். வெள்ளத்துக்கும் நோய்க்கும் உரிய வினைச்சொற்கள் அதற்கு வந்து பொருந்துகின்றன. உழைக்கின்ற, உண்கின்ற, வாக்களிக்கின்ற மனிதர், இந்த ஓர் ஒட்டினால் எவராலோ கையாளப்பட வேண்டிய பொருளாகிவிடுகின்றனர்.

‘தொகை’ என்ற சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. திரட்டி ஒன்றுசேர்த்தது என்பது ஒன்று. எட்டுத்தொகை என்பதில் உள்ளது அது. மற்றொன்று இலக்கணப் பொருள். வேற்றுமை உருபு முதலியன மறைந்து நிற்கும் தொடரைத் தமிழ் இலக்கணம் தொகை என்கிறது. ‘மக்களது தொகை’ என்பதில் உருபு மறைந்து ‘மக்கள்தொகை’ ஆயிற்று என இலக்கண மாணவர் சொல்வார். அரசியல் மாணவர் அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும்: இந்தத் தொகையில் உருபு மட்டுந்தான் மறைந்திருக்கிறதா?

பிறமொழிகளிலும் இச்சொல்லின் வரலாறு கவனிக்கத்தக்கது. இந்தியிலும் உருதுவிலும் வழங்கும் ‘ஆபாதி’ பாரசீக மூலம் உடையது. மக்கள் குடியேறிச் செழித்த இடம் என்ற பொருளிலிருந்து பிறந்தது. ஐதராபாத் என்ற பெயரின் ஈற்றில் இருப்பதும் அதுவே. ஆங்கிலத்தின் ‘பாப்புலேஷன்’ இலத்தீனில் மக்களைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. ஆனால் அதே வடிவம் பண்டைய இலத்தீனில் ஓரிடத்தைச் சூறையாடிப் பாழாக்குதலைக் குறித்தது. ஆங்கிலத்தில் மனிதருக்கும் புலிக்கும் பாக்டீரியாவுக்கும் அந்த ஒரே சொல்தான். இந்தப் பொதுமைதான் மனித சமூகத்தை விலங்கியல் விதிக்குள் அடக்கும் முயற்சிக்கு எளிதாக இடங்கொடுத்தது.

மால்தஸின் கணக்கு

அம்முயற்சியின் பெயர்பெற்ற ஆசான் தாமஸ் ராபர்ட் மால்தஸ். 1798 இல், ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த அவரது நூல், மக்கள் பெருக்கல் வரிசையில் பெருகுகின்றனர், உணவோ கூட்டல் வரிசையில்தான் வளர்கிறது என்றது. ஏழைகளின் வறுமைக்கு அவர்களின் பிறப்பே காரணம் என்பதும், அவர்களுக்கு உதவுவது மேலும் வறுமையைப் பெருக்கும் என்பதும் அதன் முடிவு. பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டு நடுங்கிய ஆளும் வர்க்கத்துக்கு இது தக்க நேரத்தில் கிடைத்த கேடயம். கூலி உயர்வு, நிவாரணம், உடைமை உறவுகளில் மாற்றம் என எந்தக் கோரிக்கைக்கும் இயற்கையின் பெயரால் மறுப்புச் சொல்லலாம் அல்லவா?

இந்தியாவுக்கும் இவருக்கும் உள்ள தொடர்பு பலர் அறியாதது. 1805 முதல் 1834 இல் மறையும் வரை மால்தஸ், கிழக்கிந்தியக் கம்பெனி தன் அதிகாரிகளைப் பயிற்றுவித்த கல்லூரியில் வரலாறும் அரசியல் பொருளாதாரமும் கற்பித்த பேராசிரியர். இந்தியாவை ஆளவந்த ஒரு தலைமுறையே அவரிடம் பாடங்கேட்டது.

அந்தப் பாடத்தின் விளைவு 1876-78 பஞ்சத்தில் வெளிப்பட்டது. தமிழ் மக்களின் நினைவில் தாது வருடப் பஞ்சம் என நிலைத்துவிட்ட அதே பஞ்சம்தான். சென்னை மாகாணமும் மைசூரும் தக்காணமும் பட்டினியில் வீழ்ந்தபோது, வைசிராய் லிட்டன் 1877 இல் தன் சட்டமன்றத்தில், இந்திய மக்கள் நிலம் தரும் உணவைவிட விரைவாகப் பெருகுவதைக் காரணமாக எடுத்துரைத்தார். நிவாரணப் பணியில் கடும் உழைப்பு உழைத்த ஆடவனுக்கு ரிச்சர்டு டெம்பிள் விதித்த கூலி, நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். கோதுமை ஏற்றுமதியோ நிற்கவில்லை. பசியால் மாண்டவர் பல இலட்சம். தானியம் கப்பலேறியதற்கும் வரி வசூலானதற்கும் பொறுப்பேற்க வேண்டிய அரசு, மாண்டவர்களின் எண்ணிக்கையையே மாண்டவர்களுக்கு எதிரான சாட்சியமாக்கியது.

விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவின் கணக்கை மால்தஸின் சூத்திரத்தோடு ஒப்பிடுவோம். 1951 இல் நாட்டு மக்கள் 36 கோடி. 1950-51 இல் உணவு தானிய விளைச்சல் ஏறத்தாழ 5 கோடி டன். ஐ.நா. மதிப்பீட்டின்படி 2023 ஏப்ரலில் மக்கள் 142 கோடியைக் கடந்தனர். 2023-24 விளைச்சல் ஏறத்தாழ 33 கோடி டன். மக்கள் நான்கு மடங்கானார்கள். தானியமோ ஆறு மடங்குக்கும் மேலாயிற்று. ஆயினும் 2019-21 ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியுள்ளனர். தானியம் இருக்கிறது, வாங்கும் சக்திதான் இல்லை. உண்ணும் வாய்களின் எண்ணிக்கையைப் பழிப்பது இந்த உண்மையை மறைக்கும் திரை.

மார்க்ஸ் திறந்து காட்டியது

தொகைக்குள் மறைந்திருப்பது எது என்ற கேள்விக்கு மார்க்ஸ் விடை தந்தார். 1857 இல் எழுதிய முன்னுரைக் குறிப்பில், ஒரு நாட்டின் பொருளாதாரத்தை மக்கள்தொகையிலிருந்து ஆராயத் தொடங்குவது சரியான வழியெனத் தோன்றினாலும், வர்க்கங்களை விட்டுவிட்டால் அது வெறும் அருவக் கருத்தே என்றார். வர்க்கங்களோ கூலியுழைப்பு, மூலதனம் முதலியவற்றை அறியாமல் விளங்குவதில்லை. தொகையில் மறைந்திருக்கும் உருபு வர்க்கம்தான்.

‘மூலதனம்’ முதல் தொகுதியில் அவர் மேலும் சென்றார். எல்லாக் காலத்துக்கும் பொதுவான மக்கள்தொகை விதி எதுவும் மனித சமூகத்துக்கு இல்லை. ஒவ்வொரு உற்பத்தி முறைக்கும் அதற்குரிய விதி உண்டு. முதலாளித்துவத்தில் ‘உபரி’ மனிதர்களை உருவாக்குவது தொட்டிலன்று, மூலதனத் திரட்சி. எந்திரம் பெருகும்போது உழைப்பாளர் வெளியேற்றப்படுகின்றனர். வேண்டும்போது அழைக்கவும், வேலையில் இருப்போரின் கூலியை அழுத்தவும் ஒரு சேமப்பட்டாளம் வைக்கப்படுகிறது. மூலதனத்தின் தேவையோடு ஒப்பிடும்போதுதான் அவர்கள் உபரி. ஆகவேதான் அதற்கு ஒப்பீட்டு உபரி மக்கள்தொகை என்று பெயர். மிதப்பது, மறைந்திருப்பது, தேங்கியது என அதன் மூன்று வடிவங்களையும் அவர் காட்டினார். இன்று ஒப்பந்தம் முடிந்ததும் வெளியேற்றப்படும் ஆலைத் தொழிலாளியையும், விவசாயம் கைவிட்டதால் நகரத்துக்கு இரயிலேறக் காத்திருக்கும் கிராமத்து இளைஞரையும், வீட்டிலிருந்தே பீடி சுற்றும் பெண்ணையும் அறிந்தவருக்கு அம்மூன்றும் புதியவையல்ல.

மால்தஸை மறுக்க மார்க்ஸ் காட்டிய சான்று அயர்லாந்து. 1841 இல் 82 இலட்சமாக இருந்த அந்நாட்டு மக்கள், பெரும் பஞ்சத்தாலும் குடிபெயர்வாலும் 1866 இல் 55 இலட்சமாயினர். மால்தஸ் சொன்னது உண்மையானால் எஞ்சியோர் செழித்திருக்க வேண்டும். கூலி உயரவில்லை, வறுமை நீங்கவில்லை. நிலம் மேய்ச்சலுக்கு மாற்றப்பட, உபரியாக ஒதுக்கப்பட்டோர் முன்போலவே இருந்தனர்.

‘இப்படிச் சனத்தொகை பெருகினால் எந்த அரசுதான் வேலை கொடுக்க முடியும்?’ என்ற பேச்சு தேநீர்க் கடையில் மட்டுமன்று, தோழர்களின் வீடுகளிலும் கேட்கிறது. அதற்கு மறுமொழி நாட்டின் புள்ளிவிவரத்திலேயே உள்ளது. ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை 1992-93 இல் 3.4 ஆக இருந்தது. 2019-21 இல் 2.0 ஆகிவிட்டது. ஒரு தலைமுறை தன்னைத்தானே ஈடுசெய்யத் தேவையான 2.1 ஐவிட இது குறைவு. பிறப்பு விகிதம் இவ்வளவு சரிந்தபின்பும் நிரந்தர வேலை பெருகவில்லை, ஒப்பந்தமுறைதான் பெருகியது. காரணம் தொட்டிலில் இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கட்டுப்பாடு என்னும் வன்முறை

1974 இல் புக்கரெஸ்ட் நகரில் நடந்த உலக மாநாட்டில், வளர்ச்சி வந்தால் பிறப்பு தானே குறையும் என்ற நிலையை இந்தியத் தூதுக்குழு எடுத்தது. அடுத்த ஆண்டே அவசரநிலை. 1976-77 என்ற ஓராண்டில் 82 இலட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் செய்யப்பட்டன. அரசு ஊழியருக்கு இலக்கு, இலக்கை எட்டாதவருக்குத் தண்டனை, கிராமங்களில் காவல்துறையின் சுற்றிவளைப்பு என அது நடந்தது. அரியானாவின் உத்தாவர் கிராமமும் உத்தரப்பிரதேசத்தின் முசாபர்நகரும் இன்றும் அதை நினைவுகூர்கின்றன. அதே 1976 இல், 42 ஆவது திருத்தம் ‘மக்கள்தொகைக் கட்டுப்பாடு’ என்ற தொடரை அரசமைப்புச் சட்டத்தின் பொதுப்பட்டியலில் சேர்த்தது. அந்தக் கட்டுப்பாட்டுக்கு உள்ளானவர்கள் தலித்துகள், முஸ்லிம்கள், நிலமற்ற ஏழைகள். 1977 தேர்தலில் வட இந்திய மக்கள் தங்கள் விடையை எழுதினர். மக்கள்தொகை என நடத்தப்பட்டவர்கள் மக்களாக எழுந்த தருணம் அது.

வன்முறை அத்துடன் ஒழியவில்லை. சுமை ஆணிடமிருந்து பெண்ணுக்கு மாறியது. 2019-21 ஆய்வின்படி கருத்தடை அறுவை செய்துகொண்ட பெண்கள் 37.9 சதவீதம், ஆண்களோ 0.3 சதவீதம். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்யப்பட்டது. பதின்மர்க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2016 இல் உச்சநீதிமன்றம் இத்தகைய முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்த ஆணையிட்டது.

பிறப்பு விகிதம் உண்மையில் எதனால் குறைகிறது? அதே ஆய்வு சொல்கிறது: பள்ளிக்கே செல்லாத பெண் சராசரியாக 2.8 குழந்தைகளைப் பெறுகிறார். பன்னிரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் படித்தவர் 1.8. நிலச்சீர்திருத்தம், பெண்கல்வி, அரசு மருத்துவமனை ஆகியவற்றைக் கண்ட கேரளம் 1980களின் இறுதியிலேயே ஈடுசெய்யும் அளவை எட்டிவிட்டது. பெண்ணின் கையில் புத்தகமும் கூலியும் சேரும் இடத்தில் காவலரின் தடிக்கு வேலையில்லை.

பீதியின் அரசியல்

1909 இல் கல்கத்தாவில் யு. என். முகர்ஜி என்பவர், கணக்கெடுப்பு எண்களைக் காட்டி, இந்துக்கள் அழிந்துவரும் இனம் என்று எழுதினார். அதன்பின் ஒரு நூற்றாண்டு கடந்தது. 2011 கணக்கெடுப்பில் இந்துக்கள் 79.8 சதவீதம், முஸ்லிம்கள் 14.2 சதவீதம். ஆயினும் அதே பீதி இன்றும் விற்கப்படுகிறது. 2024 பிப்ரவரி இடைக்கால நிதிநிலை அறிக்கை, மக்கள்தொகை வளர்ச்சியையும் மாற்றத்தையும் ஆராய உயர்மட்டக் குழு என்றது. 2025 ஆகஸ்டு 15 அன்று செங்கோட்டை உரை அதற்கென ஓர் இயக்கத்தையே அறிவித்தது.

மெய்யான எண்கள் இவை: முஸ்லிம் பெண்களின் சராசரி மகப்பேறு 1992-93 இல் 4.4, 2019-21 இல் 2.4. இந்துப் பெண்களுக்கு 3.3 இலிருந்து 1.9. இடைவெளி வேகமாகச் சுருங்குகிறது. பீகாரின் இந்துப் பெண்ணைவிடத் தமிழ்நாட்டின் முஸ்லிம் பெண் குறைவான குழந்தைகளையே பெறுகிறார். இதைத் தீர்மானிப்பது மதமன்று. பள்ளியும் மருத்துவமனையும் வருவாயும்தான்.

இப்பீதி அலுவலக வடிவம் பெறும் இடம் தேசிய மக்கள்தொகைப் பதிவேடு. பெயர் ஒத்திருப்பதால் இதையும் கணக்கெடுப்பையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். கணக்கெடுப்பு 1948 ஆம் ஆண்டுச் சட்டப்படி நடப்பது. தனிமனிதர் தரும் விவரத்தை அச்சட்டம் இரகசியமாகக் காக்கிறது. பதிவேடோ குடியுரிமைச் சட்டத்தின் 2003 ஆம் ஆண்டு விதிகளில் வேர்கொண்டது. குடிமக்கள் பதிவேட்டுக்கு அது முதற்படி. 2019 ஆகஸ்டு 31 அன்று அசாமில் வெளியான இறுதிப் பட்டியலில் 19 இலட்சம் பேர் விடுபட்டனர். ஒன்று எண்ணிச் சேர்ப்பது. மற்றொன்று எண்ணி விலக்குவது.

ஒரே நாட்டில் மூன்று மக்கள்தொகைகள்

அரசமைப்புச் சட்டத்தின் 81 ஆவது பிரிவு இச்சொல்லுக்கு வரையறை தருகிறது: புள்ளிவிவரம் வெளியான கடைசிக் கணக்கெடுப்பில் கண்ட எண்ணே மக்கள்தொகை. திருத்தங்களின் விளைவாக இன்று நிலை வேறு. மாநிலங்களுக்கு மக்களவை இடங்களைப் பகிர்ந்ததில் மக்கள்தொகை என்பது 1971 இன் 54.8 கோடி. பெரும்பாலான மாநிலங்களில் தொகுதி எல்லை வரைந்ததில் அது 2001 இன் 102.9 கோடி. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அது 2011 இன் 121 கோடி.

இது வெறும் எண் விளையாட்டன்று. 2013 ஆம் ஆண்டின் அச்சட்டம் நாட்டு மக்களில் ஏறத்தாழ 67 சதவீதத்தினருக்கு மானிய விலைத் தானியத்தை உரிமையாக்கியது. 2011 கணக்கின்படி அது 81.35 கோடிப் பேர். 142 கோடிக்கு அதே விகிதத்தைப் பொருத்தினால் 95 கோடியாகும். கணக்கெடுப்புத் தள்ளிப்போனதால் உரிமை பெறாதோர் ஏறத்தாழ 14 கோடிப் பேர். ஓர் அலுவலகத்தில் ஒரு கோப்பு நகராததால் அவர்களின் அடுப்பில் உலை ஏறவில்லை.

தொகுதி மறுவரையறையிலும் இதே கூர்மை உண்டு. 1976 இல் இடப்பகிர்வு உறையவைக்கப்பட்டதன் நோக்கம், குடும்பநலத்தில் முன்னேறும் மாநிலம் தன் இடங்களை இழக்கக் கூடாது என்பது. 2026 க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரைதான் அந்த உறைவு. அதன்பின் எண்ணை மட்டும் அளவுகோலாக்கினால், மக்களைப் படிக்கவைத்த மாநிலம் குரலிழக்கும். ஆனால் இதைப் பேசும்போது ஓர் எச்சரிக்கை தேவை. பீகார் மக்களை ‘பெற்றுத் தள்ளுபவர்’ என இகழ்வது மால்தஸின் குரலே. பீகாரின் பெண்ணுக்குப் பள்ளி மறுத்தது அங்குள்ள நிலவுடைமையும் தில்லியின் புறக்கணிப்பும்; அவளல்ல. கூட்டாட்சி உரிமைக்கான போராட்டம், புலம்பெயர்ந்து வரும் வடமாநிலத் தொழிலாளிக்கு எதிரான வெறுப்பாகத் திரியக் கூடாது. இப்போது சில தென்மாநிலத் தலைவர்கள் அதிகம் பெறுங்கள் என்கின்றனர். 2024 இல் ஆந்திரம், இரு குழந்தைகளுக்கு மேற்பட்டோர் உள்ளாட்சியில் போட்டியிடக் கூடாது என்ற விதியை நீக்கியது. நீக்கியது சரியே. ஆனால் நேற்று பெறாதே என்றதும் இன்று பெறு என்பதும் பெண்ணின் உடலை அரசின் கருவியாகக் காணும் ஒரே பார்வையின் இரு முகங்கள்.

எண்ணும் உரிமை

எண்ணுவதே தீது என்பதா இதன் பொருள்? இல்லை. ஆங்கிலேயத் தொழிலாளர் நிலையை அம்பலப்படுத்த மார்க்சும் எங்கெல்சும் அரசு அறிக்கைகளையும் கணக்கெடுப்பு எண்களையுமே ஆயுதமாக்கினர். எண்ணப்படாமல் விடுவதும் ஒடுக்குமுறையே. 2020 ஊரடங்கில் நெடுஞ்சாலைகளில் நடந்த புலம்பெயர் தொழிலாளர்களின் சாவுகள் குறித்து, அவ்வாண்டு செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, விவரம் இல்லை என்று அரசு சொன்னது. விவரம் இல்லையெனில் இழப்பீடும் இல்லை. சாதிவாரி விவரம் முழுமையாக வெளியானது 1931 இல்தான். இட ஒதுக்கீட்டு வழக்குகளில் ‘தரவு எங்கே?’ என்று கேட்கப்பட்டதன் பின்னணி அது. வரவிருக்கும் கணக்கெடுப்பில் சாதி சேர்க்கப்படும் என 2025 ஏப்ரல் 30 அன்று ஒன்றிய அமைச்சரவை முடிவெடுத்தது நெடிய கோரிக்கையின் விளைவு.

எனவே கணக்கெடுப்புக் காலத்தில் கட்சிக் கிளைகளுக்குத் திட்டவட்டமான பணி உண்டு. குடிசைப் பகுதியும், செங்கற்சூளையும், கட்டுமானத் தள முகாமும் விடுபடாமல் எண்ணப்படுகின்றனவா என்று பார்க்க வேண்டும். வீடற்றோர் எண்ணப்படும் இரவில் தோழர்கள் தெருவில் இருக்க வேண்டும். குடும்ப வயலிலும் தொழிலிலும் ஊதியமின்றி உழைக்கும் பெண்ணை ‘வேலை செய்யாதவர்’ பத்தியில் எழுத விடக் கூடாது. அவ்வுழைப்பும் விதிப்படி வேலையே. சாதிப் பத்தியில் அச்சமின்றிப் பதில் சொல்ல மக்களுக்குத் துணைநிற்க வேண்டும். கணக்கெடுப்பின் கேள்விக்கும் குடியுரிமைச் சோதனைக்கும் உள்ள வேறுபாட்டை வீடுதோறும் விளக்க வேண்டும். எண்கள் வெளியானதும், அவற்றை அரிசியாகவும் பள்ளியாகவும் இட ஒதுக்கீடாகவும் மாற்றும் போராட்டத்தைத் தொடங்க வேண்டும்.

ஆளும் வர்க்கத்தின் கையில் மக்கள்தொகை என்பது மக்களைச் சுட்டும் குற்றச்சாட்டு. உழைக்கும் வர்க்கத்தின் கையில் அது அரசின்மீது சுமத்தப்படும் கடன் தொகை. அந்தக் கடனை வட்டியும் முதலுமாக வசூலிப்பது மக்கள்தொகையால் ஆகாது, மக்களால் ஆகும்.